மேற்கே கடல், மேற்கே வெயில்: போர்ட்டிக்சன் வட்டாரத்தில் ஒரு வீடு கட்டிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மலேசியாவின் மேற்குக் கரையில் உள்ள போர்ட்டிக்சனிலிருந்து லிங்கி பக்கம் போகும் சாலையை ஒட்டிய ஒரு தோட்டப் பட்டணத்தில் கட்டப்பட்ட வீட்டைப் பற்றிய பதிவு இது. முன்பு ரப்பர், பிறகு செம்பனை, இப்போது துண்டு துண்டாக வீட்டுமனை என்று மாறிக்கொண்டிருக்கும் ஊர். 2021இல் வரைபட வேலை தொடங்கியது, 2022இல் கட்டினார்கள், 2023 தொடக்கத்தில் குடிபோனார்கள். வடிவமைப்புக் குழுவில் நான் இருந்தேன். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும் சரியான இடத்தையும் விட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மனைவி அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். ஆசிரியரின் தாயாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஆஸ்துமாவும் உண்டு. மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருவார். கட்டுமானச் செலவில் பாதி அவருடையது.

ஆசிரியர் பிறந்தது அதே வட்டாரத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. தோட்டம் துண்டாடப்பட்டபோது மேட்டில் ஒரு மனை கிடைத்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 40 மீட்டர் உயரம், கரையிலிருந்து 700 மீட்டர் தூரம். அங்கே நின்றால் மலாக்கா நீரிணை முழுசாகத் தெரியும். வானம் தெளிந்திருந்தால் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போகும் கப்பலும் கண்ணுக்கு எட்டும்.

அவர்கள் கேட்டவை மூன்று. கடல் தெரிய வேண்டும். மின்சாரச் செலவு ஓய்வூதியத்துக்குள் அடங்க வேண்டும். அம்மாவுக்கு மூச்சு முட்டக் கூடாது. முதல் ஆசைக்கு அவர்கள் காட்டிய படம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போட்ட ஒரு வீடு. அந்தக் கண்ணாடி எந்தத் திசை பார்த்தது என்பது படத்தில் இல்லை.

## மனையில் பார்த்தது

மேற்குக் கரையில் கடல் இருப்பது மேற்கே. இந்த ஆய்வில் சொல்ல வேண்டியதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகிறது. போர்ட்டிக்சன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டரை பாகையில் இருக்கிறது. சூரியன் ஜூனில் கொஞ்சம் வடக்கே, டிசம்பரில் கொஞ்சம் தெற்கே சாய்ந்து போகும். மற்றபடி உச்சி வழியாகத்தான் பயணம். வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு ஒரு மீட்டர் கூரை நீட்டமே பெரும்பாலும் போதும். கிழக்கும் மேற்கும் வேறு கதை.

இன்னொன்றும் சேர்கிறது. நம் கடிகாரம் உண்மையான சூரிய நேரத்தை விட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னால் ஓடுகிறது. உச்சி வெயில் பன்னிரண்டுக்கு வருவதில்லை, ஒன்றே கால் வாக்கில்தான் வரும். அதனால் மாலை வெயிலும் ஏழு மணிக்குப் பிறகுதான் அடங்குகிறது. வேலை முடிந்து, குளித்து, கடலைப் பார்க்க உட்காரும் நேரத்தில்தான் சூரியன் நேர் எதிரே நிற்கும்.

மார்ச், செப்டம்பர் மாதங்களில் நான்கு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 48 பாகை உயரத்தில் இருக்கும். ஐந்துக்கு 33, ஆறுக்கு 18. ஒரு மீட்டர் நீட்டிய கூரை, ஐந்து மணிக்கு அதன் கீழுள்ள சுவரில் 65 சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் நிழல் தரும். ஆறு மணிக்கு அதுவும் பாதியாகிவிடும்.

மனையில் ஒரு பழைய தகரக் கொட்டகையும் தென்மேற்கு மூலையில் ஒரு பெரிய பலா மரமும் இருந்தன. இரண்டின் கீழும் வெப்பமானி தொங்கவிட்டுப் பார்த்தோம். பிற்பகலில் கொட்டகைக்குள் நாற்பது பாகையைத் தாண்டியது. பலா நிழலில் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. கட்டட வேலைக் குத்தகையாளர் மரத்தை வெட்டிவிடலாம், பார்வை மறைக்கிறது என்றார். பாட்டி, அதாவது ஆசிரியரின் தாயார், ஒத்துக்கொள்ளவில்லை. "காய்க்கிற மரத்தில கை வைக்காதீங்க," என்று முடித்துவிட்டார். எங்களுக்கும் அதுவே வேண்டியிருந்தது.

காற்றையும் கவனித்தோம். பிற்பகலில் கடலிலிருந்து மேடேறி வருகிறது. இரவில் கரையிலிருந்து கடல் பக்கம் மெல்லத் திரும்புகிறது. தென்மேற்குப் பருவத்தில் விடிவதற்கு முன் சில நாள் சுமத்ரா காற்று மழையோடு அடிக்கும். அது மேற்கிலிருந்து, ஏறக்குறைய படுக்கைவாட்டில் வரும் மழை. புகைமூட்டக் காலத்தையும் மறக்க முடியாது: 2015, 2019 இரண்டிலும் அந்த வட்டாரத்தில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தவர்கள் இவர்கள். திறந்து காற்று வாங்கும் வீடு என்று மட்டும் வரைந்தால், அந்த வாரங்களில் பாட்டியின் நெஞ்சு தாங்காது.

## முதல் வரைபடம்

வீட்டார் கேட்டபடியே முதலில் வரைந்தோம். கணக்கு என்ன சொல்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். மேற்குச் சுவரில் 9 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி: 27 சதுர மீட்டர். மேகமில்லாத நாளில் நான்கு மணி வெயில் மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 500 வாட் அளவுக்கு விழும். சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். கூட்டினால் 10 கிலோவாட்டுக்கு மேல். ஒரு குதிரைசக்தி ஏர்கோன் வெளியேற்றும் வெப்பம் ஏறக்குறைய 2.6 கிலோவாட். அந்த ஒரு சுவரின் வெயிலை விரட்டவே நான்கு ஏர்கோன் ஓட வேண்டும்.

வெயிலைத் தடுக்கும் சாயக் கண்ணாடி போடலாமே என்று மகள் கேட்டார். போடலாம். வெப்பம் பாதியாகக் குறையும், கடலும் மங்கும். உள்ளே ஒரு திரையும் தேவைப்படும். திரை வாங்கினால் மாலையில் அதை இழுத்துத்தான் விடுவார்கள். மேற்குக் கரையில் கடல் பார்க்கக் கட்டிய பல வீடுகளில் நான்கு மணிக்குத் திரை மூடியிருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

மாற்றாகத் தாழ்வாரம் வைத்து, கூரை ஓரத்தைத் தாழ்த்தலாம் என்று காட்டினோம். அங்கேதான் பேச்சு நின்றது. ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. காரணத்தை இரண்டாம் சந்திப்பில்தான் சொன்னார். லயத்து வீட்டுக் கூரை தாழ்வானது, தகரம், மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது. குனிந்து நுழையும் வீட்டிலிருந்து வந்தவர் நிமிர்ந்து நிற்கிற வீடு கேட்டார். கண்ணாடியின் உயரம் அவருக்கு அந்தக் கணக்கில் வந்தது. இதை வடிவமைப்பாளர்கள் ரசனைப் பிரச்சினை என்று தள்ளிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்கு வரைபடத்திலேயே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பழைய துரை பங்களா ஆளில்லாமல் கிடந்தது. அனுமதி வாங்கி ஒரு மாலை அவரையும் அவர் தாயாரையும் அழைத்துப் போனோம். மேற்குப் பக்கம் ஆழமான தாழ்வாரம். கூரை ஓரம் கைக்கெட்டும் உயரம். உள்ளே போகப் போகக் கூரை ஏறி, நடுக்கூடத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஐந்து மணிக்கும் தாழ்வாரத்தில் உட்கார முடிந்தது. ஆசிரியர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எங்க அப்பா இந்தப் படிக்குக் கீழ நின்னுதான் பேசுவாரு, தம்பி. மேல ஏறினதில்ல."

பாட்டி தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து கடல் பக்கம் பார்த்துவிட்டு, "இங்கேருந்தே எல்லாம் தெரியுதே. கண்ணாடி எதுக்கு?" என்று கேட்டார். கண்ணாடிச் சுவர் அன்றோடு கைவிடப்பட்டது.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

தாழ்வாரமும் கூரையும். மேற்கே 3 மீட்டர் ஆழத் தாழ்வாரம். கூரை ஓரம் தரையிலிருந்து 2.2 மீட்டர், அங்கிருந்து 25 பாகை சாய்வில் ஏறி, உள்சுவர் வரும்போது 3.6 மீட்டர், முகட்டில் இன்னும் உயரம். நான்கு மணிக்கு உள்சுவர் முழுக்க நிழல். ஐந்து மணிக்குச் சுவரின் அடியில் 25 சென்டிமீட்டர் மட்டும் வெயில்.

கூரையைத் தாழ்த்தினால் கடல் மறையாதா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. மறையாது. எவ்வளவு உயரத்தில் நின்றாலும் அடிவானம் கண்மட்டத்தில்தான் தெரியும். கடல் அதற்குக் கீழே விரியும். உயரமான கண்ணாடியின் மேல்பாதி காட்டுவது வெறும் வானத்தை. கண் கூசுவதும் அந்த வானத்தால்தான். கூடத்தில், உள்சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குக் கடல் முழுசாகவும், அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 10 பாகை வானமும் தெரியும்படி கணக்குப் போட்டோம். சூரியன் ஒரு மணிக்கு 15 பாகை நகரும். ஆக, கடலில் இறங்கும் கடைசி நாற்பது நிமிடம் மட்டும் சூரியன் அவர் கண்ணில் படும். வீட்டார் பார்க்க விரும்பியதும் அந்த நாற்பது நிமிடத்தைத்தான்.

மிச்ச வெயிலுக்குத் தாழ்வாரத்தின் வெளி ஓரத்தில் நகரும் மரச்சட்டத் தட்டிகள். நிழல் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே திரை போட்டால் வெப்பம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்திருக்கும்.

அறைகளின் இடம். படுக்கையறைகள் எல்லாம் கிழக்கே. காலை வெயில் படும், ஆனால் இரவுக்குள் சுவர் ஆறிவிடும். நிலக்காற்றும் அந்தப் பக்கத்திலிருந்தே வரும். மேற்குச் சுவரை ஒட்டிப் படுத்தால், செங்கல் பகலில் குடித்த வெப்பத்தை இரவு பத்து மணிக்குத் திருப்பித் தரும். சாமி மேடை கிழக்குப் பார்த்து அமைய வேண்டும் என்பது பாட்டியின் நிபந்தனை. அது இந்தத் திட்டத்தில் சிரமமில்லாமல் உட்கார்ந்தது. வீட்டின் ஒவ்வொரு பக்கமும் ஓர் அறை அகலம்தான், நடுவில் சின்னத் திறந்த முற்றம். கதவுகளுக்கு மேல் நாக்கோ ஜன்னல், அதாவது சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைகள். ஒருசீர்க் கட்டடத் துணைச் சட்டம் 1984 அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு ஜன்னலும் 5 விழுக்காடு காற்றுத் திறப்பும் கேட்கிறது. அது குறைந்தபட்ச அளவு. காற்று நம்பி வாழும் வீட்டுக்குப் போதாது. நாங்கள் திறப்பை இரண்டு மடங்குக்கு மேல் வைத்தோம்.

கூரைக்கு அடியில். நம் ஊரில் அதிக வெயில் வாங்குவது கூரைதான். இளநிற உலோகக் கூரை, அதன் கீழ் அலுமினியத் தாள், அதன் கீழ் 100 மில்லிமீட்டர் பாறைக்கம்பளி. லேசான கூரைக்கு மலேசியத் தரநிலை எம்எஸ் 1525 சொல்லும் 0.4 என்ற வெப்பக் கடத்தல் அளவுக்கு (எண் குறையக் குறைய வெப்பம் குறைவாக இறங்கும்) இது உட்பட்டது. அந்தத் தரநிலை வீடுகளுக்காக எழுதப்பட்டதல்ல. ஆனாலும் அந்த எண்ணை வீட்டுக்கும் பிடித்துக்கொள்வதில் நஷ்டமில்லை. செலவைக் குறைக்க 50 மில்லிமீட்டர் போதும் என்று குத்தகையாளர் வாதாடினார். சமையலறைக் கல்லை மலிவாக்கி, கம்பளியைக் காப்பாற்றினோம். கல்லைப் பிறகு மாற்றலாம், கூரையைப் பிரிக்க முடியாது.

மூடக்கூடிய ஓர் அறை. பாட்டியின் அறை மட்டும் இறுக்கமாக மூடும்படி செய்யப்பட்டது: ரப்பர் ஓரம் வைத்த ஜன்னல், இன்வெர்ட்டர் ஏர்கோன் ஒன்று, காற்றுச் சுத்திகரிப்பான். வீடு முழுக்கக் குளிரூட்டத் தேவையில்லை. புகைமூட்டத்தில் எல்லாரும் ஒதுங்க ஓரிடம் இருந்தால் போதும். மகளின் அறைக்கு இன்னொரு ஏர்கோன். மற்ற இடமெல்லாம் காற்றாடிதான்.

சூரியத் தகடு. நீண்ட விவாதம் இதில்தான் நடந்தது. மகளுக்கு முதல் நாளிலிருந்தே சோலார் வேண்டும். வீட்டுச் சோலார் மின்சாரத்தைப் பில்லில் கழித்துக்கொள்ள விடும் நெம் 3.0 திட்டம் 2021இல் தொடங்கியது. அதில் ஒரு ஃபேஸ் இணைப்புக்கு 4 கிலோவாட் வரை போடலாம் என்றிருந்தது; செலவு இருபதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) அளவில். மாதம் ஏறக்குறைய 400 யூனிட் கிடைக்கும்.

மின்சார நிறுவனமான டிஎன்பியின் அப்போதைய கட்டணம் படிக்கட்டு முறை: முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100க்கு 33.4, 301 முதல் 600 வரை 51.6, அதற்கு மேல் 900 வரை 54.6. முதல் வரைபடத்து வீடு மாதம் 900 யூனிட் இழுக்கும் என்று வைத்தால், பில் 395 வெள்ளிக்கு மேல். சோலார் 400ஐக் கழித்தால் 180 வெள்ளி. மாதம் 215 மிச்சம், எட்டு வருஷத்துக்குள் போட்ட பணம் திரும்பும். ஆனால் தாழ்வார வீடு 320 யூனிட்டில் நின்றால், பில்லே 87 வெள்ளிதான். முழுசாக மிச்சமானாலும் பணம் திரும்பப் பத்தொன்பது வருஷம். முதலில் தேவையைக் குறைத்தால், பிறகு சோலார் மிச்சப்படுத்துவது விலை குறைந்த யூனிட்டுகளைத்தான்.

மகள் இந்தக் கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். கூரையில் இடமும், கம்பி இறக்கக் குழாயும் வைத்து, தகடு பிற்பாடு என்று முடிவானது. 2025 ஜூலையில் கட்டண முறையே மாறிவிட்டது. ஆகவே இந்த எண்களை இன்று யாரும் அப்படியே எடுக்கக் கூடாது.

உப்புக் காற்று. கரையிலிருந்து 700 மீட்டரில் இரும்பு நிலைக்காது. ஜன்னல் சட்டம் பவுடர் பூசிய அலுமினியம், திருகுகள் உப்பைத் தாங்கும் 316 ரக எவர்சில்வர், அலுமினியத்தோடு எவர்சில்வர் தொடும் இடத்தில் நைலான் வாஷர். இரண்டு உலோகம் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். தட்டிகளுக்குப் பழைய வீடு உடைத்த இடத்தில் வாங்கிய செங்கால் என்ற கடின மரம்.

## கட்டிய போதும் குடியேறிய பிறகும்

நகராண்மைக் கழக ஒப்புதல் வழக்கமான நேரத்தில் வந்தது. சரிவில் மண் பிடிப்புக்கு மட்டும் கூடுதல் வரைபடம் கேட்டார்கள். கட்டுமானத்தில் பெரிய தடங்கல் இல்லை.

குடியேறிய பிறகு முதல் சோதனை சுமத்ரா காற்று. விடியற்காலை மழை மேற்கு நாக்கோ வழியாகக் கூடத்துக்குள் வந்தது. கண்ணாடிப் பட்டைகள் மூடினாலும் இடைவெளி விடும் ரகம். தாழ்வாரத்து மர நாற்காலிகள் நனைந்தன, கூடத்தில் தண்ணீர் நின்றது. மேற்குப் பக்க நாக்கோவை மட்டும் மாற்றி, மேலே கீல் வைத்து வெளியே தள்ளித் திறக்கும் ஜன்னல் போட்டோம். மழையிலும் கொஞ்சம் திறந்து வைக்க முடிகிறது.

அடுத்தது தட்டிகள். ஒரு வருஷம் ஆவதற்குள் சக்கரங்கள் இறுகிவிட்டன. கழற்றிப் பார்த்தால் உருளை முலாம் பூசிய இரும்பு. ஒப்பந்தத்தில் எவர்சில்வர் என்றிருந்தது, ரகம் எழுதியிருக்கவில்லை. வந்த பெட்டியைப் பிரித்து யாரும் பார்க்கவில்லை. தட்டி நகராததால் வீட்டம்மா அவற்றைத் திறந்தபடியே விட்டுவிட்டார். ஆறு மணி வெயில் கூடத்தின் தரை வரை வந்தது. இடைக்காலத்துக்கு பிடாய் எனும் சுருட்டுத் திரை வாங்கித் தொங்கவிட்டார்கள். மூங்கில் பிடாய் லேசானது, பாட்டியே கயிற்றை இழுத்து இறக்குவார். தட்டிச் சக்கரத்தை நைலானாக மாற்றிய பிறகும் மூன்று இடத்தில் பிடாய் அப்படியே இருக்கிறது, எடுக்க யாருக்கும் மனமில்லை.

வெப்பத்தைப் பொறுத்தவரை எதிர்பார்த்தது நடந்தது. வெளியே முப்பத்து மூன்று இருக்கும் பிற்பகலில் கூடம் முப்பது, முப்பத்தொன்று; காற்றாடி சுழன்றால் உட்காரலாம். பெரும்பாலான மாதங்களில் மின்சாரம் 300 யூனிட்டைச் சுற்றியே நிற்கிறது. பிள்ளைகள் வரும் விடுமுறையில் ஏறும், அது ஏறத்தான் வேண்டும். பாட்டியின் அறை ஏர்கோன் இரவில் சில மணி நேரம் ஓடுகிறது. புகை கொஞ்சம் வந்த நாட்களில் குடும்பமே அந்த அறையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்ததாக வீட்டம்மா சொன்னார்.

எதிர்பாராதது ஒன்று ஈரம். கிழக்கு அறைகளின் அலமாரிகளில் பூஞ்சை பிடித்தது. ஏர்கோன் ஓயாமல் ஓடும் வீட்டில் காற்று தானாகவே உலரும். காற்றோட்ட வீட்டில் மூடிய அலமாரிக்குள் காற்று நகராது. அலமாரிக் கதவுகளில் கீழும் மேலும் துளை போட்டு, முதுகைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்த பிறகு பெரும்பாலும் நின்றது. பட்டுச் சேலைகள் பாட்டியின் அறைக்கு இடம் மாறின.

## மறுபடி செய்தால் மாற்றுபவை

மேற்குப் பக்கத்துக்கு நாக்கோ வேண்டாம். தொடக்கத்திலேயே தள்ளித் திறக்கும் ஜன்னல். நாக்கோ முற்றத்துப் பக்கமும் கிழக்கிலும் நன்றாகவே வேலை செய்கிறது.

தட்டிகளின் எடையைப் பாதியாக்க வேண்டும். செங்கால் அழகு, ஆனால் எழுபதைத் தொடப்போகும் தம்பதி தினமும் தள்ள வேண்டிய பொருள் அது. தாழ்வாரத்து ஓரம் முழுக்கப் பிடாய், புயல் மழைக்கு மட்டும் இரண்டு மரத்தட்டி என்பது இன்று எங்கள் பரிந்துரை. செலவும் குறையும், கிழிந்தால் பட்டணத்திலேயே மாற்று கிடைக்கும்.

கடலோர வேலைக்கு உலோகத்தின் ரகத்தை ஒப்பந்தத்தில் எண்ணோடு எழுத வேண்டும். பொருத்துவதற்கு முன் பெட்டியைப் பிரித்துப் பார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும். அலமாரிகளை வரைபடத்திலேயே காற்றுத் துளையோடு காட்ட வேண்டும், தச்சரிடம் விடக் கூடாது.

சோலார் முடிவை மகள் மறுபடி திறந்திருக்கிறார். புதிய கட்டணத்தில் கணக்கு எப்படி வரும் என்று பார்க்க, ஒரு வருஷப் பில்களை மாதவாரியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். ஆசிரியர் அவற்றைப் பழைய பள்ளி வருகைப் பதிவேடு ஒன்றில் எழுதி வருகிறார். பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்துத் தனித்தனியே. சோலார் கணக்குக்கு அந்தப் பகல் எண்தான் முதலில் வேண்டும்.